84 குதிரைகளுக்கு ஓர் அரண்மனை: வென்ட்வொர்த் உட்ஹவுஸ் லாயம் எழுந்ததும் வீழ்ந்ததும்

கேள்வி இது: “இங்கிலாந்துப் பிரபுக்களின் கிராமத்து மாளிகைகளில் குதிரை லாயத்தைக்கூட அரண்மனை மாதிரி கட்டியிருக்கிறார்களே, ஏன்? அவ்வளவு செலவழித்துக் கட்டியவை எப்படிப் பாழாய்ப் போயின?”

எல்லா மாளிகைகளையும் சேர்த்துப் பேசினால் பொதுவான விஷயங்களோடு நின்றுவிடும். ஒன்றை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்ப்போம். தெற்கு யார்க்‌ஷயரில், ராதரம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வென்ட்வொர்த் உட்ஹவுஸ்தான் இதற்குச் சரியான இடம். அந்த மாளிகையின் கிழக்கு முகப்பு மட்டும் ஏறக்குறைய 185 மீட்டர் நீளம். வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நடுவில் முற்றமும் அதில் நீர்த்தொட்டியும் உள்ள சதுரமான கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. நடு வாசலில் தூண்களும் முக்கோண முகப்பும், மேலே கும்மட்டம் போட்ட சிறு கோபுரமும் இருக்கின்றன. முதல்முறை வருகிறவர்கள் இதுதான் மாளிகை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது 84 குதிரைகளுக்கான லாயம்.

கட்டியவர் ராக்கிங்ஹாமின் இரண்டாம் மார்க்விஸ் (பிரபுப் பட்டங்களில் ஒன்று), சார்ல்ஸ் வாட்சன்-வென்ட்வொர்த். இரண்டு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர்: 1765–66இல் ஒரு வருடம், 1782இல் சில மாதங்கள். அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்கவைத்த முத்திரை வரிச் சட்டத்தை 1766இல் ரத்து செய்தது இவருடைய அரசுதான். அதே வருடம் பதவி போனது. அதே வருடம்தான் லாயத்தின் வேலையும் தொடங்கியது. வரைந்து கொடுத்தவர் யார்க் நகரத்து ஜான் கார். கல்வேலைக் குடும்பத்தில் பிறந்து, கட்டடக் கலைஞராக உயர்ந்து, யார்க்கின் மேயராகவும் இரண்டு முறை இருந்தவர். லாயம் முடிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. மார்க்விஸ் 1782இல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். சொத்து அவருடைய சகோதரியின் மகன் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவுக்குப் போனது. முழுசாக முடிந்த லாயத்தைக் கட்டச் சொன்னவர் பார்க்கவில்லை.

ஏன் இவ்வளவு பெரிசாக? முதல் காரணம், இந்த மனிதருக்குக் குதிரை என்றால் உயிர். அவருடைய விசில்ஜாக்கெட் என்ற குதிரை 1759இல் யார்க்கில் 4 மைல் பந்தயத்தில் 2,000 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பரிசை வென்றது. 1762 வாக்கில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியரை வரவழைத்து அதை ஆளுயரத்துக்கும் மேலே, கிட்டத்தட்ட நிஜ அளவில் வரையச் சொன்னார். பின்னணியில் மரமோ வானமோ எதுவும் கிடையாது. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை மட்டும். லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1997இல் 1 கோடியே 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது அந்தப் படத்தைத்தான். டான்காஸ்டரில் இன்றைக்கும் நடக்கும் செயின்ட் லெஜர் பந்தயம் முதன்முதலாக 1776இல் ஓடியபோது ஜெயித்தது இவருடைய பெட்டைக் குதிரை.

ஆனால் பிரியம் மட்டும் 84 குதிரைக்கு இடம் கேட்காது. இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது: விருந்தாளிகள். அந்தக் காலத்தில் ஒரு பிரபுவின் அரசியல் பலம் நாடாளுமன்றத்தில் பாதி, அவருடைய சாப்பாட்டு மேசையில் பாதி. பந்தய வாரத்தில் ஆதரவாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். ஒரு கோச்சு வண்டிக்கு நான்கு குதிரை, கூட வரும் வேலைக்காரர்களுக்கு ஏறிவரும் குதிரை. பத்துக் குடும்பம் வந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விருந்தாளியின் குதிரைக்கு நல்ல இடம் இல்லாவிட்டால் விருந்தாளிக்கே மரியாதை இல்லாத மாதிரி. ஆகவே வருகிறவர் கண்ணில் படும் இடத்தில், மாளிகைக்கு ஈடான கல்லில் லாயத்தைக் கட்டினார்கள்.

சரி, உள்ளே என்ன இருந்தது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வந்த வீழ்ச்சிக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து லாயத்தில் ஒரு குதிரைக்கு ஒதுக்கிய தடுப்பு சுமார் 6 அடி அகலம். குதிரை சுவரைப் பார்த்து நிற்கும். முகத்துக்கு நேரே தானியத் தொட்டி, அதற்கு மேலே வைக்கோல் ஏணி, அதாவது ஏணி மாதிரி இருக்கும் தீவனத் தாங்கி. மாடி முழுக்க உலர்ந்த புல் அடுக்கியிருக்கும்; மேலிருந்து ஒரு திறப்பு வழியாகத் தள்ளினால் நேராக ஏணிக்குள் விழும். கழுத்துக் கயிறு தொட்டியில் பதித்த ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைந்து கீழே இறங்கும். அதன் நுனியில் ஒரு மரக்கட்டை தொங்கும். குதிரை தலையை முன்னே கொண்டுபோனால் கட்டை கீழே இறங்கிக் கயிற்றை இழுத்துக்கொள்ளும். பின்னே நகர்ந்தால் கட்டை மேலே ஏறிக் கயிறு விட்டுக்கொடுக்கும். கயிறு தொய்ந்து காலில் சுற்றாது. ஆளே இல்லாமல் ராத்திரி முழுக்கக் குதிரையைக் காக்கிற இந்தச் சின்ன ஏற்பாடு எனக்குத் தூண்களைவிடப் பெரிசாகத் தெரிகிறது.

தரை லேசாகச் சரிந்து பின்பக்கக் கால்வாயில் முடியும். ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும்; வெளிச்சம் குதிரையின் கண்ணில் நேராகப் படக்கூடாது, குளிர்காற்று அதன் மேல் அடிக்கக்கூடாது. வாசல்கள் அகலம், மூலைகள் மழுங்கல். சேணமும் கடிவாளமும் தொங்கும் அறைக்கு மட்டும் கணப்பு உண்டு, ஏனென்றால் ஈரம் பட்டால் தோல் பூசணம் பிடிக்கும். குதிரைக்காரர்கள் மாடியில் தூங்கினார்கள். முற்றத்தைத் தாண்டிக் கூரை போட்ட பெரிய பயிற்சிக் கூடம். மழைக்காலத்தில் குதிரை பழக்கும் இடம். கோபுரத்துக் கடிகாரமும் வெறும் அலங்காரம் இல்லை. தண்ணீர், தீவனம், தேய்ப்பு, நடை எல்லாம் மணி பார்த்து நடக்கும் இடம் இது.

அளவு புரிய வேண்டுமானால் ஒரு கணக்கு. ஒரு குதிரை ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் லத்தி போடும், 30 லிட்டராவது தண்ணீர் குடிக்கும். லாயம் நிறைந்திருக்கும் நாளில் 2 டன் அளவுக்கு லத்தி வெளியே போக வேண்டும், 2,500 லிட்டர் தண்ணீர் உள்ளே வர வேண்டும். அந்த லத்தியும் வீணாகாது. பெரிய மாளிகைகளின் காய்கறித் தோட்டங்களில் குதிரை லத்தியைக் குவித்து, அது அழுகும்போது எழும் சூட்டில் குளிர்காலத்திலும் கன்று வளர்த்தார்கள். லாயம், தோட்டம், சமையலறை மூன்றும் ஒரே சுழற்சியில் ஓடின.

இப்போது வீழ்ச்சிக்கு வருவோம். வென்ட்வொர்த்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1946ஐக் காட்டுவார்கள். அந்த வருடம் எரிபொருள் அமைச்சர் இம்மானுவேல் ஷின்வெல்லின் உத்தரவால் மாளிகையின் மேற்கு வாசலுக்குப் பக்கம் வரை தோட்டத்தைத் தோண்டித் திறந்தவெளி நிலக்கரி எடுத்தார்கள். பெரிய அநியாயம்தான், யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கமே வேண்டாம் என்று எதிர்த்தது. ஆனால் லாயத்தின் வீழ்ச்சியை அதன் தலையில் கட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. லாயத்துக்கு அதற்கு நூறு வருடம் முன்பே வேலை குறையத் தொடங்கிவிட்டது.

முதல் அடி ரயில். ஷெஃபீல்டுக்கும் ராதரமுக்கும் இடையே 1838இல் ரயில் ஓடியது. 1840இல் டெர்பிக்கும் லீட்ஸுக்கும் போகும் பாதை அதே பக்கமாக வந்தது. அதற்குப் பிறகு தொலைவிலிருந்து வரும் விருந்தாளி எதற்கு நான்கு குதிரையையும் ஓட்டிக்கொண்டு வர வேண்டும்? ஸ்டேஷனில் இறங்கினால் போதும், மாளிகை வண்டி போய் அழைத்து வரும். வீட்டுக் குதிரைகள், வேட்டைக் குதிரைகள் இருந்தன. ஆனால் 84 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த கணக்கு அன்றைக்கே உடைந்துவிட்டது.

இரண்டாவது அடி வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. 1902இல் பட்டத்துக்கு வந்த ஏழாம் ஃபிட்ஸ்வில்லியம் பிரபு வேட்டைப் பிரியர், குதிரை தெரிந்தவர். அவரேதான் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் டின்ஸ்லியில் ஷெஃபீல்டு-சிம்ப்ளெக்ஸ் என்ற மோட்டார் கம்பெனிக்குப் பணம் போட்டார். ரோல்ஸ் ராய்ஸுக்குப் போட்டியாக நிற்க நினைத்த விலை உயர்ந்த கார்கள் அவை. நாட்டின் பெரிய லாயங்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர், குதிரையை ஓரங்கட்டப்போகும் இயந்திரத்தைத் தன் பணத்தில் செய்துகொண்டிருந்தார். இதில் முரண்பாடு எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. நல்ல குதிரையில் அவர் தேடிய வேகமும் அழகும்தானே நல்ல காரிலும் இருந்தன.

மூன்றாவது அடி போர். 1908இல் உருவான வெஸ்ட் ரைடிங் (யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதி) குதிரைப் பீரங்கிப் படைக்கு வென்ட்வொர்த் உட்ஹவுஸே தலைமையிடம். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் பிரிட்டிஷ் ராணுவம் நாடெங்கும் இரண்டே வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை விலைகொடுத்து எடுத்துக்கொண்டது. பண்ணையிலிருந்தும், பால் வண்டியிலிருந்தும், பிரபுக்களின் லாயத்திலிருந்தும் போயின. அவற்றில் பெரும்பாலானவை திரும்பவில்லை. போன குதிரைக்காரர்களிலும் பலர் திரும்பவில்லை, திரும்பியவர்களில் பலர் பழைய சம்பளத்துக்கு வேலைக்கு வரத் தயாராக இல்லை. இப்படிப்பட்ட லாயம் ஆள்பலத்தால் ஓடுவது. ஆள் போனால் குதிரை இருந்தும் பயனில்லை.

(இந்தக் குடும்பத்தின் சொத்துக்கு அடிப்படையே நிலக்கரி என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1913 வாக்கில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் சுமார் 70,000 குதிரைகளும் மட்டக் குதிரைகளும் வேலை செய்தன. பல இடங்களில் அவற்றுக்கான லாயம் பூமிக்கு அடியிலேயே. மேலே கும்மட்டம் போட்ட லாயத்துக்குக் காசு கொடுத்த நிலக்கரியைக் கீழே இருட்டில் இழுத்ததும் குதிரைதான். அவற்றைப் பற்றி யாரும் பெரிய ஓவியம் வரையச் சொல்லவில்லை.)

இரண்டாம் உலகப் போரில் மாளிகை ராணுவ உளவுப் படையின் பயிற்சித் தளமானது. பயிற்சியில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் ஓட்டுவது. தோட்டமும் சுற்றுச் சாலைகளும் பயிற்சிக் களம். தங்கியிருந்த வீரர்களின் நிலைமை 1945இல் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பும் அளவுக்கு மோசமாக இருந்தது. கட்டடத்தின் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. ஏழாம் பிரபு 1943இல் இறந்தார். எட்டாம் பிரபு 1948 மே மாதம் விமான விபத்தில் இறந்தார். கூடப் பயணம் செய்து இறந்தவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் தங்கை கேத்லீன். ஏறக்குறைய ஐந்து வருட இடைவெளியில் இரண்டு வாரிசு வரி. நடுவில் 1947 ஜனவரி 1 அன்று சுரங்கங்கள் நாட்டுடைமையாகிவிட்டன. வரவு நின்றது, செலவு ஏறியது, வாசலில் பள்ளம்.

லாயத்தை அந்த நேரத்தில் காப்பாற்றியது ஒரு பெண்கள் கல்லூரி. ஏழாம் பிரபுவின் சகோதரி லேடி மேபல் ஸ்மித் சோஷலிசவாதி, உள்ளாட்சி மன்ற உறுப்பினர். அவர் முயற்சியால் வெஸ்ட் ரைடிங் கவுன்டி கவுன்சில் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, உடற்கல்வி ஆசிரியைகளுக்கான லேடி மேபல் கல்லூரியை 1950இல் தொடங்கியது. குதிரை பழக்கிய கூடம் மாணவிகளின் உடற்பயிற்சிக் கூடமானது. லாயத்துக்குள் அறைகள் தடுத்தார்கள், குழாய் போட்டார்கள், பின்னால் சிமென்ட் கட்டடங்கள் ஒட்டினார்கள். கட்டடக்கலை ரசிகர்கள் இதைப் பார்த்து வருத்தப்படுவது வழக்கம். பழைய தடுப்புகள் போனது எனக்கும் நஷ்டமாகத்தான் படுகிறது. ஆனால் கணப்பு எரிந்தது, ஓடு உடைந்தால் மாற்ற ஆள் இருந்தது, தினமும் ஜன்னல் திறந்து மூடப்பட்டது. 1950களில் இங்கிலாந்தில் இதைவிடச் சின்ன மாளிகைகள் நூற்றுக்கணக்கில் இடிபட்டன. கல்லூரி வராமல் இருந்திருந்தால் இந்த லாயமும் கல் கல்லாய் விற்கப்பட்டிருக்கும்.

1979இல் கல்லூரி ஷெஃபீல்டு பாலிடெக்னிக்கோடு சேர்ந்தது. 1980களின் கடைசியில் அவர்களும் காலி செய்தார்கள். உண்மையான அழிவு அதற்குப் பிறகுதான். 1989இலிருந்து தனியார் கைகளில் மாறி மாறிப் போனது. ஒருமுறை வங்கியே பறிமுதல் செய்தது. அடியில் சுரங்கம் தோண்டியதால் நிலம் தாழ்ந்து கட்டடம் விரிசல் விட்டது என்று ஒரு உரிமையாளர் குடும்பம் கேட்ட பெருந்தொகை நஷ்டஈடும் 2016இல் தீர்ப்பாயத்தில் கிடைக்காமல் போனது.

ஆளில்லாத லாயம் ஏன் ஆளில்லாத வீட்டைவிட வேகமாகக் கெடுகிறது? குதிரைக்கு நல்லதாக இருந்த ஒவ்வொன்றும் மனிதருக்கு இடைஞ்சல். ஜன்னல் உயரத்தில் இருப்பதால் உள்ளே உட்காருகிறவருக்கு வெளியே எதுவும் தெரியாது. பெரும்பாலான இடங்களில் புகைபோக்கி இல்லை. குதிரைகளின் உடம்புச் சூடே குளிருக்குப் போதுமாக இருந்தது. அவை போனதும் கல்லுக்குள் குளிர் இறங்கிவிடுகிறது. நான்கு பக்கமும் சுற்றி வரும் கூரையில் தண்ணீர் வடியும் ஈயத் தகட்டுக் கால்வாய்கள் நிறைய. ஒரு கால்வாயில் இலை அடைத்தால் போதும், தண்ணீர் உத்தரத்துக்குள் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். மாடியில் போய்ப் பார்க்க ஆளில்லாததால் கூரை இறங்கும் வரை தெரியாது.

சுவரில் இன்னொரு பிரச்சினை ஒளிந்திருக்கிறது. நூறு, இருநூறு வருடம் குதிரை மூத்திரம் ஊறிய சுவரில் உப்பு தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குதிரை போய்ப் பல காலம் ஆன பிறகும் மழைநாளில் இடுப்பளவுக்குச் சுவர் நனைந்து கறுக்கும், பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிரும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு கல்லையே அரிக்கும். சுண்ணாம்புப் பூச்சுதான் மருந்து, அதையும் அவ்வப்போது உதிரவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். வெளிப்பக்கம் வேறு கதை: ராதரம், ஷெஃபீல்டு உலைகளின் புகை மணற்கல்லில் கறுப்புத் தோலாகப் படிந்திருக்கிறது.

இதே ஜான் கார் இதே காலத்தில் கட்டிய இன்னொரு லாயத்தை ஒப்பிட்டால் என் வாதம் தெளிவாகும். டெர்பிஷயரின் பக்ஸ்டனில் டெவன்ஷயர் பிரபுவுக்காக 1780களில் 110 குதிரைகளுக்கு ஒரு பெரிய லாயம் கட்டினார். வெளியே எண்கோணம், உள்ளே வட்ட முற்றம். 1859லேயே அதன் ஒரு பகுதியை ஏழைகளுக்கான மருத்துவமனையாக மாற்றத் தொடங்கினார்கள். 1881இல் முற்றத்துக்கு மேல் 44 மீட்டர் அகலக் கும்மட்டம் போட்டார்கள். நடுவில் தூணே இல்லாத கும்மட்டங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது. மருத்துவமனை 2000 வரை நடந்தது. பிறகு டெர்பி பல்கலைக்கழகத்தின் கையில் வந்தது. அங்கே குதிரை முழுசாகப் போவதற்கு முன்பே கட்டடத்துக்கு அடுத்த வேலை கிடைத்துவிட்டது. வென்ட்வொர்த்தில் கிடைத்தது 1950இல், அதுவும் நாற்பது வருடம்கூட நீடிக்கவில்லை. பக்ஸ்டன் ஊருக்கு நடுவில் இருக்கிறது, வென்ட்வொர்த் தோட்டத்துக்குள் தனியாக இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். நோயாளிகள் லாயத்தைத் தேடி நடந்து வந்தார்கள். இங்கே யார் வருவார்கள்?

2016 நவம்பரில் அரசு அவசரப் பழுதுக்கு 76 லட்சம் பவுண்டு அறிவித்தது. 2017இல் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை எஸ்டேட்டை 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. முதலில் மாளிகையின் கூரையில் கைவைத்தார்கள். அதுதான் சரியான வரிசை. லாயத்தை ஒரே மூச்சில் சரிசெய்ய யாரிடமும் பணம் இல்லை. வடக்குப் பகுதியிலிருந்து தொடங்கி, வருமானம் வரும் இடமாகத் துண்டு துண்டாக மீட்பதே திட்டம். இதில் எனக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. நான்கு பக்கத்தில் மூன்றைச் சமையலறையாகவோ பட்டறையாகவோ விருந்துக் கூடமாகவோ மாற்றட்டும். ஒரு பக்கத்தில் ஒரு வரிசையையாவது குதிரைத் தடுப்பாகத் திரும்ப அமைக்க வேண்டும்: சரிந்த தரை, வைக்கோல் ஏணி, வளையத்தில் தொங்கும் கட்டையோடு. அது இல்லாவிட்டால் வருகிறவர்கள் தூணையும் கும்மட்டத்தையும் பார்த்துவிட்டு, இதை மனிதர்களுக்காகக் கட்டினார்கள் என்றே நினைத்துக்கொண்டு போவார்கள்.